தெரிந்தவருக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

மென்பொருள் துறையில் ஒரு விசித்திரம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாத விஷயங்களைக் கண்டு பலர் பெரிதாகக் கலங்குவதில்லை. "புதுசுதானே, கத்துக்கலாம்" என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பெயருக்கு முன்னால் 'சீனியர்', 'லீட்', 'ஆர்க்கிடெக்ட்' என்று பட்டங்கள் சேர்ந்த பிறகு சிலருக்குத் தூக்கம் கெடுகிறது. அவர்கள் எழுதிய நிரல் எங்கெங்கோ எத்தனையோ பேர் கையில் ஓடிக்கொண்டிருக்கும். அவர்களைக் கேட்காமல் டீமில் ஒரு முடிவும் ஆகாது. ஆனாலும் மீட்டிங்குக்குள் நுழையும்போதெல்லாம் ஓர் எண்ணம் கூடவே நுழைகிறது: 'இத்தனை நாள் எப்படியோ சமாளித்துவிட்டேன். இன்றைக்கு மாட்டிக்கொள்ளப் போகிறேன்.'

இதை இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். போலியுணர்வு என்று வைத்துக்கொள்வோம். திறமை இருக்கிறது, அதற்குச் சான்றும் இருக்கிறது, சான்று மட்டும் மனதில் ஏற மறுக்கிறது. வெற்றி வந்தால் அதிர்ஷ்டம் என்று தோன்றும். தோல்வி வந்தால் 'இதுதான் என் உண்மையான லட்சணம்' என்று தோன்றும். அனுபவம் வந்த பிறகும் இது ஏன் விடுவதில்லை? உளவியல் ஆய்வுகளைப் புரட்டினால் சுவையான விடைகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சுட்டுவது மனிதரின் குறையை அல்ல, அவர் தன்னை அளக்கும் விதத்தில் உள்ள குறையை.

கிளான்ஸ் வரைந்த வட்டம்

1978-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், தொழிலில் பெயரெடுத்தவர்கள், படிப்பில் முதலிடத்தில் இருந்த மாணவிகள் என 150-க்கும் மேற்பட்ட பெண்களிடம் கண்டதை அதில் எழுதினார்கள். அந்தப் பெண்களில் பலர் தாங்கள் கெட்டிக்காரர்கள் அல்ல, மற்றவர்களை எப்படியோ நம்ப வைத்துவிட்டோம் என்றே எண்ணினார்கள். இது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல, ஆண்களுக்கும் உண்டு என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. 1985-ல் கிளான்ஸ் இதை அளக்க 20 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். இன்றும் ஆய்வாளர்கள் அதிகம் கையாள்வது அதைத்தான்.

கிளான்ஸ் கவனித்த ஒரு வட்டம் முக்கியமானது. புது வேலை ஒன்று வருகிறது. உடனே பதற்றம். பதற்றத்தில் சிலர் தேவைக்கு மீறித் தயாராகிறார்கள். சிலர் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் விழுந்தடித்து ஓடுகிறார்கள். வேலை நன்றாகவே முடிகிறது, பாராட்டும் வருகிறது. விழுந்து விழுந்து தயாரானவர், 'ராப்பகலாக உழைத்ததால் முடிந்தது, திறமையால் அல்ல' என்கிறார். கடைசி நேரத்தில் ஓடியவர், 'அதிர்ஷ்டம், தப்பித்தேன்' என்கிறார். எந்த வழியில் போனாலும் திறமையின் கணக்கில் ஒரு பைசா வரவு வைக்கப்படுவதில்லை. அதனால் பத்தாவது வெற்றிக்குப் பிறகும் பதினோராவது வேலைக்கு முன் அதே பதற்றம். அனுபவம் மட்டும் இதைத் தீர்க்காததற்கு முதல் காரணம் இந்த வட்டம்தான்.

மென்பொருள்காரர்களிடம் இந்த 'அதிர்ஷ்டம்' காலத்துக்கேற்ப வேடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு காலத்தில் 'நானா செய்தேன், கூகுளில் தேடித்தானே செய்தேன்' என்றார்கள். 2008-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்த பிறகு 'அங்கிருந்து எடுத்துப் போட்டேன்' என்றார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து 'ஏஐ எழுதிக் கொடுத்தது' என்கிறார்கள். எதைத் தேடுவது, வந்த பத்து விடைகளில் எது தன் சிக்கலுக்குப் பொருந்தும், எது புரொடக்‌ஷனில் போட்டால் வெடிக்கும் என்று முடிவெடுத்தது யார் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

நோயா இது?

அமெரிக்க உளநல மருத்துவர்கள் கையாளும் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்மில் இம்போஸ்டர் சிண்ட்ரோம் இல்லை. 2020-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை வந்த 62 ஆய்வுகளை எடுத்து, மொத்தம் 14,161 பேரின் விவரங்களை அலசியது. போலியுணர்வு உள்ளவர்கள் 9 சதவீதத்திலிருந்து 82 சதவீதம் வரை என்று கிடைத்தது. எந்தக் கேள்வித்தாள், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் 'உண்டு' என்று வைப்பது என்பதைப் பொறுத்து எண் இப்படித் தாவுகிறது. இதற்கென்றே கொடுத்துச் சோதித்துப் பார்த்த சிகிச்சை எதுவும் அந்தத் தொகுப்புக்கு அகப்படவில்லை. ஆகவே 'ஏழே நாளில் இம்போஸ்டர் சிண்ட்ரோமை விரட்டுங்கள்' என்று யாராவது பயிற்சி வகுப்பு நடத்தினால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

மென்பொருள் துறையை மட்டும் எடுத்து ஆராய்ந்த ஒரு கட்டுரை 2024-ல் சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாட்டில் வெளியானது. 26 நாடுகளைச் சேர்ந்த 624 பொறியாளர்களிடம் கிளான்ஸின் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 52.7 சதவீதம் பேருக்கு இந்த உணர்வு அடிக்கடியோ மிகக் கடுமையாகவோ இருந்தது. பெண்களில் 60.6 சதவீதம், ஆண்களில் 48.8 சதவீதம். ஆசியர்களில் 67.9 சதவீதம், வெள்ளையர்களில் 50 சதவீதம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் இது இருக்கலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

குளம் பெரிதாகும்போது

மேலே ஏற ஏறச் சுற்றியிருக்கும் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, தேவாரம் என்ற ஊரிலிருந்து தொடங்கலாம். தேனி மாவட்டத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர் அது. மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஏலத்தோட்டங்கள். விடிவதற்குள் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இந்த அடிவாரத்து ஊர்களில் நிறையப் பேர். இப்படி ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பொறியியல் படிக்கப் போகிறது. பக்கத்து நகரமான போடியிலேயே 2012-ல் அரசுப் பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021-ல் பொறியியல் படிப்புக்கும் விரிந்தது. பள்ளியில் அந்தப் பிள்ளைதான் முதல் மாணவர். கல்லூரியில் அது போல அறுபது முதல் மாணவர்கள். சென்னையில் வேலைக்குப் போனால் அத்தனை கல்லூரிகளிலிருந்தும் வடிகட்டி எடுத்தவர்கள். இன்னும் மேலே போய் உலகச் சந்தைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தால், புத்தக அட்டையில் பெயர் பார்த்த ஆள் அடுத்த டீமில் இருப்பார்.

இதற்கு உளவியலில் 'சிறு குளத்துப் பெரிய மீன் விளைவு' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய கல்வி உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980-களில் இதைப் பற்றி எழுதினார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு மாணவர்களில், சராசரித் திறமை அதிகமுள்ள பள்ளியில் படிப்பவர் தன் திறமையைக் குறைத்தே மதிப்பிடுகிறார். பின்னர் 26 நாடுகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவிலும் இதே போக்குத் தெரிந்தது. திறமை குறைவதில்லை, சுற்றியிருக்கும் கூட்டம்தான் மாறுகிறது. உழைத்து உழைத்து மேலே ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் முன்னதைவிடப் பெரிய குளத்தில் போய் விழுகிறார். ஆக, முன்னேறுவதே தன்னைப் பற்றிய மதிப்பீட்டைக் கீழே இழுக்கிறது.

லியான் ஃபெஸ்டிங்கர் 1954-ல் சொன்ன சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இதற்கு அடிப்படை. நேராக அளக்க வழியில்லாத இடத்தில் மனிதர்கள் தங்களை அடுத்தவரோடு ஒப்பிட்டே அளக்கிறார்கள். நூறு மீட்டர் ஓடுகிறவருக்குக் கடிகாரம் இருக்கிறது. 'நல்ல மென்பொருள் பொறியாளர்' என்பதற்கு அப்படி ஒரு கடிகாரம் இல்லை. எழுதிய வரிகளின் எண்ணிக்கை ஒன்றையும் சொல்லாது. இருநூறு வரிகளை அழித்து இருபதாக்கியவர்தான் அன்றைக்கு அதிகம் செய்தவராக இருக்கலாம்.

2023 ஜூனிலிருந்து சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் ரயில் வருகிறது. அதில் ஊருக்கு வரும் பொறியாளர் இரண்டு அளவுகோல்களுக்கு நடுவில் பயணம் செய்கிறார். இந்த முனையில், "மாப்பிள்ளை, ஏலக்காய் வெலை நாளைக்கு ஏறுமா எறங்குமான்னு சொல்ற மாதிரி ஒரு ஆப் செஞ்சு குடேன்" என்று கேட்கும் மாமாவுக்கு அவர் எல்லாம் தெரிந்தவர். அந்த முனையில், தன் கணக்கில் அவர் ஒன்றும் தெரியாதவர். இரண்டும் தவறான அளவு. ஆனால் மாமாவின் அளவைச் சிரித்துத் தள்ளிவிடுபவர், இன்னொன்றை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்.

தெரிந்தது மறைந்துவிடுகிறது

போடியில் ஏலக்காயைக் கையால் தரம் பிரிக்கும் பெண்களின் வேலையைப் பார்த்தால் நிபுணத்துவத்தின் இன்னொரு குணம் விளங்கும். வெடித்தது, நிறம் வெளுத்தது, சூம்பியது என்று விரல்கள் தானாக ஒதுக்கிக்கொண்டே போகும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பதற்கு மேல் விடை வராது. பச்சையின் சாயல்களைப் பிரித்தறிய அவர்கள் செலவிட்ட ஆண்டுகள் அந்த இரண்டு சொல்லுக்குள் மறைந்துவிடுகின்றன. அனுபவமுள்ள நிரலாளர் லாகைப் பார்த்ததும் 'இது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் தீர்ந்துபோன கதை' என்று சொல்வதும் இப்படித்தான். அவருக்கு அது அறிவாகவே படாது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே படும்.

1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த சோதனை இதைக் காட்டுகிறது. சிலரை, எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். கேட்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, அது இல்லாமல் வெறும் தட்டல் எப்படிக் கேட்கும் என்று அவரால் எண்ணிப் பார்க்க முடிவதில்லை. ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, தெரியாமல் இருந்த நிலைக்கு மனதால் திரும்ப முடியாது.

தனக்குத் தெரிந்ததெல்லாம் எளிது என்றாகிவிட்டால், கடினமாக மிஞ்சுவது தெரியாதவை மட்டும். அவை மென்பொருளில் கடல் போல. லினக்ஸ் கெர்னல் ஒன்றில் மட்டும் மூன்று கோடிக்கு மேல் வரிகள். அதை முழுவதும் படித்த மனிதர் யாரும் இருக்க முடியாது. கடினமான வேலைகளில் மனிதர்கள் தங்களைச் சராசரிக்கும் கீழே வைத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகர் 1999-ல் காட்டினார். கார் ஓட்டுவது, சைக்கிள் ஓட்டுவது போன்றவற்றில் பெரும்பாலோர் 'நான் சராசரிக்கு மேல்' என்றார்கள். தங்களைக் கீழே வைத்துக்கொண்ட திறமைகளின் பட்டியலில் சதுரங்கம் இருந்தது, பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தை இருந்தது. கணினி நிரலாக்கமும் இருந்தது. தனக்குக் கடினமாக இருப்பது மற்றவர்களுக்கும் அதே அளவு கடினம் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து காக்கும் மௌனம்

1987-ல் டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லண்ட் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்கார வைத்து, வேண்டுமென்றே புரியாதபடி எழுதிய கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். புரியாவிட்டால் வெளியே வந்து கேட்கலாம் என்றும் சொன்னார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. வெட்கம்தான் காரணம் என்று அவரவருக்குத் தன் விஷயத்தில் தெரியும். ஆனால் அடுத்தவர் எழாமல் இருப்பதைப் பார்த்து, அவருக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டார்கள். அலுவலகத்தில் ஆர்க்கிடெக்சர் மீட்டிங்கில் கடைசி ஸ்லைடு முடிந்து "ஏதாவது கேள்வி?" என்றதும் விழும் அமைதியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சோதனையை விளக்க வேண்டியதில்லை.

இதே இடத்தில் இன்னொரு ஆய்வும் கைகொடுக்கிறது. டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர் இருவரும் 1999-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்தது. 'அரைகுறைகளுக்குத்தான் அலட்டல் அதிகம்' என்ற அளவில் அது பிரபலம். கடைசிக் கால்பங்கில் இருந்தவர்கள் தங்களை நடுவுக்கும் மேலே வைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. அந்தக் கணக்கின் மீது புள்ளியியல் விமர்சனங்களும் உண்டு. ஆனால் நமக்கு வேண்டியது அதன் மறுபாதி. முதல் கால்பங்கில் இருந்தவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்துச் சொன்னார்கள். தங்களுக்கு எளிதாக வந்தது எல்லோருக்கும் எளிதாக வந்திருக்கும் என்று நினைத்ததே காரணம். அவர்களிடம் மற்றவர்கள் எழுதிய இலக்கண விடைத்தாள்களைத் திருத்தக் கொடுத்தபோது, தங்களைப் பற்றிய மதிப்பீட்டை மேலே உயர்த்திச் சரிசெய்துகொண்டார்கள். யாரும் அவர்களைத் தட்டிக்கொடுக்கவில்லை. 'நீ கெட்டிக்காரன்' என்று சொல்லவும் இல்லை. தகவல் கிடைத்தது, கணக்கு திருந்தியது.

தவறு எப்போதும் உள்ளே இல்லை

எல்லாவற்றையும் மனதின் மேல் போட்டுவிடுவதும் நியாயம் இல்லை. 2021-ல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி-ஆன் பியூரி இருவரும் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் ஒரு கேள்வி எழுப்பினார்கள். பேச்சை இடைமறிப்பது, உழைப்பை வேறொருவர் பெயரில் எழுதுவது, தோற்றத்தையும் உச்சரிப்பையும் வைத்து எடை போடுவது இவையெல்லாம் நடக்கும் அலுவலகத்தில் ஒரு பெண் தன்னை அந்நியராக உணர்ந்தால், அதை அவருடைய சிண்ட்ரோம் என்று சொல்வது எப்படிச் சரி? தமிழ்வழியில் படித்து வந்து, ஆங்கில மீட்டிங்கில் வாக்கியத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளருக்கும் இதே கேள்வி பொருந்தும். அங்கே திருந்த வேண்டியது மீட்டிங்தான்.

ஐயமே கெடுதல் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக உள்ள பாசிமா டியூஃபிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், முதலீட்டு ஆலோசனை நிறுவன ஊழியர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் பார்த்தார். 'மற்றவர்கள் என்னை இருப்பதைவிட உயர்வாக நினைக்கிறார்கள்' என்ற எண்ணம் உடையவர்கள் அடுத்தவரிடம் பழகும் விதத்தில் கூடுதல் நல்ல பெயர் வாங்கினார்கள். அவர்கள் வேலையின் தரம் குறைந்ததாகத் தெரியவில்லை. தன்மேல் கொஞ்சம் ஐயம் உள்ளவர் அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார். அதற்காக இந்த உணர்வைப் போற்றி வளர்க்க வேண்டும் என்பதில்லை. அதைக் கண்டு இன்னொரு முறை பயப்பட வேண்டாம் என்பதுதான்.

அளவுகோலைச் சோதிப்பது

தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் செலவில் ஒப்புதல் தந்தது. நீர், காடு, மலையின் பாதுகாப்பு பற்றிய அச்சத்தால் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. மலை குடையப்படவில்லை. ஆய்வகத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை ஏன் தேவைப்பட்டது என்று பார்த்தால், இயற்பியலர்கள் எதைக் கண்டு அதிகம் அஞ்சுகிறார்கள் என்பது தெரியும். விண்ணிலிருந்து பொழியும் மற்ற துகள்கள் கருவியில் பட்டு இரைச்சலாகிவிடும். நியூட்ரினோவைத் தேடுவதில் பாதி வேலை, நியூட்ரினோ அல்லாததை வடிகட்டுவது.

அந்த அறிவியலிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி மென்பொருள்காரர்களுக்குப் பாடமாகும். ஸ்விட்சர்லாந்து எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்களை, 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் ஓபரா என்ற குழு அளந்துகொண்டிருந்தது. 2011 செப்டம்பரில் அந்தக் குழு ஒரு முடிவை வெளியிட்டது: நியூட்ரினோக்கள் ஒளியைவிட சுமார் 60 நானோ வினாடி முந்தி வந்துவிடுகின்றன. இது உண்மையானால் ஐன்ஸ்டீன் காலத்திலிருந்து நிற்கும் இயற்பியல் ஆட்டம் கண்டுவிடும். குழு அந்த அளவை மறைக்கவில்லை, 'ஐன்ஸ்டீன் தோற்றார்' என்று கூவவும் இல்லை. 'எங்களுக்கு இப்படி வருகிறது, பிழை எங்கே என்று தெரியவில்லை, நீங்களும் பாருங்கள்' என்று உலகத்தின் முன் வைத்தது. சில மாதங்களில் பிழை அகப்பட்டது. ஜிபிஎஸ் நேரத்தைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி ஒன்று சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. பக்கத்திலேயே இருந்த இகாரஸ் என்ற வேறொரு குழுவும் அளந்து, நியூட்ரினோ ஒளியை மீறவில்லை என்று 2012-ல் உறுதி செய்தது.

'எனக்கு ஒன்றும் தெரியாது' என்ற உணர்வையும் இப்படி ஓர் அளவாக எடுத்துக்கொள்ளலாம். அளவு வந்திருப்பது உண்மை. அது சரியான அளவா என்பது வேறு கேள்வி. கம்பி முடுக்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அதற்கு விடை கிடைக்கும். தனியாகப் பார்த்தால் கிடைக்காது, இன்னொரு கருவி வேண்டும்.

மென்பொருள் உலகிலும் இப்படித் திறந்து வைத்தவர்கள் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இரவு நெடுநேரம் ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தவர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவு போய், நாலரை ஜிபி மட்டுமே மிஞ்சியது. தோண்டிப் பார்த்தபோது, பாதுகாப்புக்கென்று வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு கடைசிவரை மீளவில்லை. நிறுவனம் மீட்பு வேலையை யூட்யூபில் நேரலையாகக் காட்டியது, நடந்ததை முழுவதும் எழுதி வெளியிட்டது. ஒருவர் விரலில் நடந்த பிழைக்குப் பின்னால் ஓர் அமைப்பின் ஐந்து ஓட்டைகள் இருந்தன என்பது, எல்லோரும் சேர்ந்து பார்த்ததால்தான் வெளியே வந்தது. அந்த இரவைத் தனியாக மனதுக்குள் புதைத்திருந்தால் அது 'நான் லாயக்கில்லாதவன்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிப்போயிருக்கும்.

என்ன செய்யலாம்?

இதற்கென்று சோதிக்கப்பட்ட மருந்து இல்லாத நிலையில், மேலே கண்ட காரணங்களிலிருந்தே வழி தேட வேண்டும்.

முதலாவது, எழுதி வைப்பது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். தானே செய்து முடித்த அனுபவம்தான் அதற்கு மிக வலுவான ஊற்று என்றார். அடுத்தவர் சொல்லும் ஊக்கம் அதைவிட வலுக்குறைந்தது. ஆகவே பாராட்டு மெயில்களைச் சேர்த்து வைப்பதைவிட, வேலைக் குறிப்பு எழுதுவது மேல். என்ன சிக்கல், எதையெல்லாம் முயன்று பார்த்தேன், எங்கே தடம் தவறினேன், கடைசியில் எது தீர்த்தது என்று நாலு வரி போதும். வட்டம் சுற்றி முடிந்து 'அதிர்ஷ்டம்' என்று மனம் எழுதப் போகும் இடத்தில், வேறு கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு முன் தானே எழுதிய நிரலைத் திறந்து பார்ப்பதும் இதில் சேரும். அதைக் கண்டு கூசினால் நல்லது. கூசுவதற்கான அறிவு இடையில் வந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, அடுத்தவரின் முடிந்த வேலையை விட்டுவிட்டு, முடியாத வேலையைப் பார்ப்பது. நம்முடைய திணறலை முழுவதும் பார்க்கிறோம், அடுத்தவருடையதில் மெர்ஜ் ஆன நிரலை மட்டும் பார்க்கிறோம். இருவர் சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதும்போது, பெரிய ஆள் என்று நினைத்தவரும் ஒரு கமாண்டின் எழுத்துகளை நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் தேடுவதைக் காணலாம். விடைத்தாள் திருத்திய மாணவர்களுக்குக் கிடைத்தது இந்தத் தகவல்தான்.

மூன்றாவது, ஐயத்தைத் துண்டு போடுவது. 'எனக்கு எதுவும் தெரியாது' என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'இந்த மெசேஜ் க்யூ பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது' என்பதை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். உண்மையிலேயே அறிவில் ஓட்டை இருக்கலாம், எல்லா ஐயமும் பொய்யல்ல. ஓட்டைக்குப் பெயர் வைக்க முடிந்தால் அது பாடம். எவ்வளவு துருவியும் பெயர் வைக்க முடியாவிட்டால், சந்தேகப்பட வேண்டியது அளவுகோலை.

நான்காவது, வாய் திறந்து சொல்வது. கிளான்ஸும் ஐம்ஸும் தங்களிடம் வந்த பெண்களுக்குக் குழுவாக உட்கார்ந்து பேசுவதையே பெரிதும் பரிந்துரைத்தார்கள். எதிரில் இருக்கும் கெட்டிக்காரப் பெண் 'நான் போலி' என்று சொல்லும்போது அதன் அபத்தம் உடனே புரிகிறது, தன் வாயால் சொல்லும்போது புரிவதில்லை. தேவாரத்திலோ உத்தமபாளையத்திலோ வீட்டில் உட்கார்ந்து தனியாக வேலை பார்ப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகத் தேவை. திரைக்கு அப்பால் இருப்பவர்களின் முகம் சுளிப்பதும் தெரியாது, மலர்வதும் தெரியாது. அந்த வெற்றிடத்தைப் பதற்றம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை, வேலை நிலவரம் அல்லாத பேச்சுக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்வது செலவில்லாத ஏற்பாடு.

பேசியும் தீராமல், தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, காலையில் எழவே மனமில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதற்குப் போலியுணர்வு என்று பெயர் சூட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது மனச்சோர்வாகவோ பதற்றக் கோளாறாகவோ இருக்கலாம், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவும் தனி ஒருவர் செய்யக்கூடியவை. ஆனால் மீட்டிங் அறையின் மௌனத்தைத் தனி ஒருவர் உடைப்பது கடினம், அதுவும் புதிதாக வந்தவரால் முடியவே முடியாது. ஊரிலிருந்து முதல் தலைமுறையாக வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர், 'எனக்குப் புரியவில்லை' என்று சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவர் கண் முழுக்க சீனியர்கள் மேல்தான் இருக்கும். அவர்கள் எல்லாம் தெரிந்ததுபோல் உட்கார்ந்திருந்தால், பத்து வருடம் கழித்து அவரும் அப்படியே உட்காரக் கற்றுக்கொள்வார், உள்ளே நடுங்கிக்கொண்டு. ஆகவே அனுபவசாலிகளிடம் ஒரு வேண்டுகோள்: "இது எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்ற வாக்கியத்தை அந்த அறையில் முதலில் சொல்பவர், அங்கே அதிக அனுபவம் உள்ளவராக இருக்கட்டும்.